எரியாத சிவப்பு விளக்கு

கதிருக்கு,

கடிதம் எழுதினால் மேலே மூலையில் ஊர் பெயரை எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அம்மா எங்கே உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நீயே உன் செல்போனில் பார்த்துக்கொள். தெரியவில்லையா? சனிக்கிழமையிலிருந்தே தெரியவில்லைதானே? அதனால்தான் விடாமல் போன் செய்துகொண்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. உன் அப்பாவையும் எடுக்க விடவில்லை. எடுத்தால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா, வுடும்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. கல்யாணம் நெருங்குகிற வேளையில் மாப்பிள்ளைப் பையனைத் திட்டி எழுதுகிறாளே என்று நினைக்காதே. கல்யாணம் நெருங்குவதால்தான் எழுதுகிறேன். நடுவில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மில்லை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினபோது உன் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பொம்பளை வேன் ஓட்டுகிறாளாம் என்று முத்தியால்பேட்டையில் கேலி பேசினவர்களே பிறகு தங்கள் பிள்ளைகளை என் வண்டியில்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நீ முன் சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்தே வளர்ந்தவன். இப்போது பள்ளிக்கூடச் சவாரி இல்லை. சேதராப்பட்டில் டப்பா அடைக்கிற கம்பெனிக்குப் போகும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விடுகிறேன், சாயங்காலம் கூட்டி வருகிறேன். சங்கு ஊதினதும் அங்கே கேட்டை மூடிவிடுவான். அதற்குப் பிறகு போனால் அவர்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. கேட் மூடுவதற்கு முன்னால் அவர்களை இறக்கிவிடுவதுதான் என் வேலை. அது எனக்குப் பிழைப்பு மட்டும் இல்லை. காலையில் சாவியைக் கையில் எடுத்தால்தான் நான் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றுகிறது. அதைப் பிடுங்கிவிட்டால் நானும் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே விட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். இதை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒரு தடவையாவது காதில் வாங்கினாயா?

ஆடி மாதத்தில் கோரிமேட்டுப் பக்கம் எனக்குத் தலை சுற்றியது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். ஓரமாக நிறுத்தினேன், செல்வி பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் வாயில் திணித்தாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. செல்வி என்பவள் என் வண்டியில் வருகிற பெண்களுக்கெல்லாம் நாட்டாமை மாதிரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். இந்தத் தலைசுற்றலை உன்னிடம் யார் சொன்னது? நானேதான். மறைத்தேனா? இல்லையே. அன்றிலிருந்து நீ "வண்டிய வித்துடும்மா" என்று ஒரே பாட்டு. தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்தபோது மட்டும் அந்தப் பாட்டைப் பாடவில்லை. "ம்மா, சாவிய குடு, ஒரு பாட்டு செட்டு மாட்டிட்டு வரேன்" என்றாய். எனக்கு வாயெல்லாம் பல். பிள்ளை மனசு மாறிவிட்டான், அம்மா ஓட்டட்டும் என்று விட்டுவிட்டான் என்று நினைத்தேன். செல்வியிடமும் மற்றவர்களிடமும் அந்த செட்டைக் காட்டிக் காட்டிப் பெருமை அடித்தேன். இப்போது நினைத்தால் எனக்கு எரிகிறது.

தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்தது, வண்டி படுத்தது. முதல் தடவை பெரிய மார்க்கெட் வாசலில். சாவியைத் திருப்பினால் செல்ஃப் கட கடவென்று இருமுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பூ விற்கிறவர்கள் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். பேட்டரிக் கடைக்காரன் சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "பேட்டரி செத்துப்போச்சும்மா, புதுசு போட்டுடு" என்றான். போட்டேன். போட்ட கையோடு மணக்குள விநாயகர் கோயில் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கற்பூரம் காட்டச் சொன்னேன். "வண்டி பழசா இருக்கேம்மா?" என்று பூசாரி கேட்டார். "பேட்டரி புதுசு சாமி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். நசுக்கிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே இருமல்.

அதற்குப் பிறகு நான் ஏறாத பட்டறை இல்லை. ஒருத்தன் பெல்ட் தொய்ந்துவிட்டது, அதனால்தான் டைனமோ சரியாகச் சுற்றவில்லை என்றான். பெல்ட்டை இழுத்துக் கட்டினான். இன்னொருத்தன் கடற்காற்றில் டெர்மினல் பூத்துவிட்டது என்று சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி வேசலின் தடவினான். எர்த் ஒயரைக் கழற்றி அரம் போட்டுத் தேய்த்து மறுபடி முடுக்கினான். எல்லாம் செய்யவேண்டிய வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி எழுந்திருக்கவில்லையே! மூன்றாவதாக ஒருவன் இருந்தான் பார், நான் என்ன கேட்டாலும் என் தலைக்கு மேலே தெருவைப் பார்த்துப் பதில் சொல்வான். "வூட்டுக்காரர வரச் சொல்லும்மா, அவருக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்றான். என் வீட்டுக்காரருக்குக் கியர் எது பிரேக் எது என்று தெரியாது. அதைச் சொன்னால் அவன் நம்பவில்லை. டைனமோவைக் கழற்றி மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தான். "டைனமோ ராஜா மாதிரி இருக்குது" என்று சொல்லித் திரும்ப மாட்டிவிட்டான். பேட்டரி நன்றாக இருக்கிறது, டைனமோ நன்றாக இருக்கிறது, பெல்ட் நன்றாக இருக்கிறது, வண்டி மட்டும் நன்றாக இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில் நம் தெருமுனையில் இருக்கிற எலக்ட்ரீசியன் பாபுவிடம் போனேன். முதலிலேயே அவனிடம் போயிருக்க வேண்டும், ஆனால் அவன் நினைத்த நாளில்தான் கடையைத் திறப்பான். பாபு மீட்டரை வைத்துப் பார்த்தான். எஞ்சின் ஓடும்போது முள் பதினாலு வோல்ட் பக்கம் நிற்க வேண்டுமாம். ஒரு நாள் நின்றது, மறுநாள் பன்னிரண்டிலேயே படுத்திருந்தது. "இன்னாக்கா இது, ஒரு நாளு சார்ஜ் ஏறுது, ஒரு நாளு ஏறல" என்று தலையைச் சொறிந்தான். கனகசெட்டிக்குளம் வரைக்கும் கடலோர ரோட்டில் விரட்டிவிட்டு வந்தால் ஒன்றும் இல்லை, டவுனுக்குள் சுற்றினால் படுத்துக்கொள்கிறது. பாட்டு செட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்றான். "என் புள்ள மாட்டினது, அதுல கைய வச்ச, கடைய கொளுத்திடுவேன்" என்று அவனைச் சத்தம் போட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்? மறுநாள் நானே போய்க் கழற்றச் சொன்னேன். பாட்டு இல்லாமல் ஊமை வண்டி ஓட்டினேன். அப்போதும் நின்றது.

இதற்கு நடுவில்தான் உன் போன். அதைச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உனக்குப் புரியாது. வண்டி எங்கே நின்றாலும் கொஞ்ச நேரத்தில் உன் போன் வந்துவிடும். மார்க்கெட் வாசலில் பூக்காரர்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அடித்தது. "ம்மா, எங்க இருக்க? நல்லா இருக்கியா?" என்றாய். எனக்கு மேனியெல்லாம் சிலிர்த்தது. ராஜா தியேட்டர் பக்கம் நின்றபோதும் வந்தது. லாஸ்பேட்டையில் நின்றபோதும் வந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெற்றவளுக்கு ஒன்று என்றால் பிள்ளைக்கு உள்ளே தட்டிவிடுகிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். "எம் புள்ள பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்திருக்கான், எனக்கு இங்க ஒன்னுன்னா அவனுக்கு அங்க தெரிஞ்சுடுதுடி" என்று செல்வியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. அவள் பிள்ளை பக்கத்துத் தெருவில் இருக்கிறான், எட்டிப் பார்ப்பதில்லை. "குடுத்து வச்சவக்கா நீ" என்றாள். வண்டி நின்றால்கூட எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு போனிலும் நீ முடிவில் அதே பாட்டுக்கு வந்துவிடுவாய். "வண்டியும் தேஞ்சுபோச்சு, நீயும் தேஞ்சுபோயிட்ட. வித்துடும்மா." லாஸ்பேட்டையில் நடுவெயிலில் நின்றுகொண்டிருந்தேன், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து உயிரை வாங்குகிறான், நீ வேறு காதுக்குள் நச்சரிக்கிறாய். கோபத்தில் "இன்னொரு தரம் வழியில நின்னா வித்துடறேன், போதுமா?" என்று கத்திவிட்டேன். நீ கப்பென்று பிடித்துக்கொண்டாய். "வார்த்தை மாறக்கூடாதும்மா" என்றாய். நான் வார்த்தை மாறுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதை வைத்துத்தான் மடக்கினாய்.

அதற்கு அடுத்த வாரம் முழுக்க நானும் உன் அப்பாவும் உன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கத் தெருத் தெருவாகச் சுற்றினோம். இறங்கு, பேசு, காப்பி குடி, ஏறு, அடுத்த தெருவில் மறுபடி இறங்கு. வண்டி மெதுவாகவே ஓடியது. வெள்ளிக்கிழமை காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கோரிமேடு சிக்னலுக்கு வந்தேன். சிக்னல் விழ நேரமாகும் போலிருந்தது, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எஞ்சினை அணைத்தேன். பச்சை விழுந்தது. சாவியைத் திருப்பினேன். இருமல்கூட இல்லை. பெண்கள் எல்லோரும் இறங்கிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. செல்விதான் கிட்டே வந்து, "அக்கா, நானு ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இவளுங்கல்லாம் கம்பெனி பஸ்ஸுல பேர் குடுக்கப் போறாளுங்க" என்றாள். அவள் பேசி முடிக்கவில்லை, என் போன் அடித்தது. நீதான். "நின்னுடுச்சா?" என்றாய். நின்றுவிட்டது என்று நான் சொல்லவே இல்லை, நீயே கேட்டாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பார், அவ்வளவு மடச்சி நான். "ஞாயித்துக்கிழமை ஆளு வருவாரு, சாவிய குடுத்துடு" என்றாய். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அழுதேன். சனிக்கிழமை மத்தியானம் வண்டியைக் கழுவ உட்கார்ந்தேன். அசலாருக்குக் கொடுக்கிற வண்டி அழுக்காக இருக்கக் கூடாது இல்லையா? பெண்கள் சீட்டுக்கு இடையில் விட்டுப்போன ஹேர்பின்னையெல்லாம் பொறுக்கினேன். ஸ்டியரிங்குக்கு எதிரே இருக்கிற மீட்டர் கண்ணாடியைத் துடைக்கும்போது மறுபடி அழ ஆரம்பித்தேன். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, வாங்க வருகிறவரிடம் சொல்ல வேண்டுமே என்று எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினேன். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அதற்குப் பக்கத்தில் பேட்டரி படம் போட்ட விளக்கு எரியவில்லை. தினமும் நான் பார்க்கிறதுதான். சிவப்பு இல்லை, எல்லாம் சௌக்கியம் என்று நம்பித்தான் கிளம்புவேன். ஒவ்வொரு பட்டறையிலும் "லைட்டு எரியுதாம்மா?" என்று கேட்டார்கள், "எரியவே இல்ல" என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்குத்தான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எஞ்சின் ஓடவில்லை, அதனால் ஆயில் விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடாதபோது சார்ஜும் ஏறாதே, அப்படியானால் பேட்டரி விளக்கும் எரிந்துதானே ஆக வேண்டும்? முன்பெல்லாம் இரண்டும் சேர்ந்து எரிந்து, எஞ்சின் பிடித்ததும் சேர்ந்து அணையும். அது எப்போது நின்றது? இத்தனை நாள் அது சௌக்கியமாக இல்லை, வாயைக் கட்டிப்போட்டதால் சும்மா இருந்திருக்கிறது.

பிழியாத துணியோடு பாபு கடைக்கு ஓடினேன். புண்ணியவான் அன்றைக்குத் திறந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அடச்சே, இத்த மொதல்ல பாக்காம வுட்டேனே! அந்த லைட்டு வழியா போற சின்ன ஒயருதான்க்கா டைனமோவ எழுப்பி வுடறது. அது இல்லன்னா டைனமோ தூங்கிக்கினே சுத்தும், சார்ஜ் குடுக்காது. ஹைவேல விரட்டினா தானா முழிச்சுக்கும். டவுன்ல முழிக்காது." பல்பைக் கழற்றினான், பல்பு நல்ல பல்பு. பிறகு அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே உள்ளே போனான். பெடலுக்கு மேலே, பாட்டு செட்டுக்குப் போகிற ஒயர்களுக்குப் பின்னால், யாரோ அதன் தோலை உரித்து இன்னொரு ஒயரை அதோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். டேப்புகூடச் சுற்றவில்லை. நம் ஊர் உப்புக்காற்றில் அந்த இடம் பச்சையாகக் களிம்பு ஏறி, ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கினால் ஒட்டும், குலுங்கினால் விலகும். முறுக்கிய அந்த இன்னொரு ஒயர் எங்கே போகிறது என்று பாபு கையை விட்டுத் துழாவினான். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. உள்ளே பச்சையாக ஒரு பொட்டு விளக்கு மினுக் மினுக் என்று எரிகிறது. "அக்கா, வண்டி எங்க போவுது, எங்க நிக்குதுன்னு போன்ல காட்டற பொட்டிக்கா இது. எஞ்சின் ஓடுதா நின்னுதான்னு தெரியறதுக்கு இந்த ஒயர்ல கொக்கி போட்டிருக்காங்க. யாரு மாட்டினது?" என்றான். நான் செட்டைக் கழற்றின ஓட்டையையே பார்த்தேன். பாட்டு செட்டு மாட்டின கைதான் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியை உன் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "எனக்குத் தெரியும். சொல்லாதன்னு அவன்தான் சொன்னான்" என்றார். நான் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறேன், நடுரோட்டில் பஸ்காரனிடம் பேச்சு வாங்குகிறேன், இந்த மனுஷன் தெரிந்துகொண்டே தினமும் "இன்னா சொன்னான் மெக்கானிக்கு?" என்று விசாரித்திருக்கிறார்! அந்தப் பெட்டியால்தான் சார்ஜ் ஏறவில்லை என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். வண்டியைக் கெடுக்க வேண்டும் என்று நீ செய்யவில்லை. மாட்டிக்கொடுத்த கடைக்காரன் அரைகுறை. ஆனால் வழியில் நின்றால் விற்றுவிடுகிறேன் என்று என்னிடம் வார்த்தை வாங்கினாயே, அந்த வண்டியை நிறுத்தினது உன் பெட்டி. நான் தோற்றுப்போய்விட்டேன் என்று வெள்ளிக்கிழமை முழுக்க அழுதேனே, அது எந்தக் கணக்கில் சேரும்?

உன் அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, "திட்டாத. ராவும் பகலும் ஒன்னப் பாத்துக்கினே இருந்திருக்கான் இல்ல, அது பாசம் இல்லாம இன்னா?" என்றார். அந்த ஒரு சொல் என்னைக் கொஞ்ச நேரம் அசைத்தது, பொய் சொல்லவில்லை. அம்மா ரோட்டில் மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நீ அங்கே பயந்திருக்கிறாய். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. உனக்குக் காய்ச்சல் வந்த நாளில் எல்லாம் எனக்கும் அதே பயம்தான். ஆனால் பயப்பட்டாயென்றால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். "ம்மா, எனக்குப் பயமா இருக்கு, வண்டியில ஒன்னு மாட்டிக்கிறேன்" என்று கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? நீ கேட்கவில்லை. பாட்டு செட்டு என்று சொன்னாய். என் மகனுக்கு உள்ளே தட்டுகிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது பெட்டியின் வேலை என்று ஆகிவிட்டது. இதைச் செல்வியிடம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? இன்னும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது, கதிர்.

ஒன்று உனக்குத் தெரியாது, இப்போது சொல்கிறேன். நீ காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் "ஃபிரண்டு வூட்டுக்குப் படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்கு எனக்குக் கடலூர்ச் சவாரி. நோணாங்குப்பம் போட் ஹவுஸ் வாசலில் உன் பைக் நின்றுகொண்டிருந்தது. நம்பர் பிளேட்டில் நீ ஒட்டின ஸ்டிக்கரைக்கூடப் பார்த்தேன். ஹேண்டிலில் ஒரு பெண்பிள்ளையின் துப்பட்டா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினேன். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன். போகிறவன் ஒரு நாள் வந்து சொல்வான் என்று விட்டேன். நீ சொல்ல வருஷங்கள் ஆயின. ஆனால் நீயே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, "ம்மா, நித்யான்னு ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தாயே, அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி நான் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்காது. அந்தத் துப்பட்டாக்காரிதான் இப்போது நம் வீட்டுக்கு மருமகளாக வருகிறாள்.

அதனால்தான் கல்யாணம் நெருங்குவதால் எழுதுகிறேன் என்றேன். நித்யா வேலைக்குப் போகிறவள். சில நாள் நேரம் கழித்து வருவாள், போன் எடுக்கமாட்டாள், உனக்குப் படபடவென்று அடித்துக்கொள்ளும். அன்றைக்கு அவள் போனிலோ ஸ்கூட்டியிலோ இந்த மாதிரி எதையும் ஒளித்து மாட்டிவிடாதே. பத்திரத்துக்காகத்தான் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வாய், என் விஷயத்தில் சொல்லிக்கொண்டாய் இல்லையா, அதே மாதிரி. அவள் கண்டுபிடிக்கிற அன்றைக்கு என்னைப் போலக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கமாட்டாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நானே பஸ் ஏற்றிவிடுவேன், சொல்லிவிட்டேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் வாயைத் திறந்து சொல். உன் அப்பனுக்கு அது வரவில்லை. உனக்காவது வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பின ஆள் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டுப் பிள்ளையாம், டூரிஸ்டுகளை ஏற்ற வண்டி வேண்டுமாம். மரியாதையான மனுஷன். காப்பி கொடுத்தேன். "வண்டியில இன்னா பிரச்சினைம்மா?" என்று கேட்டார். "வண்டியில ஒன்னும் இல்லைங்க, எம் புள்ளைக்கும் எனக்கும்தான் பிரச்சினை" என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் வார்த்தை மாறவில்லை. என் வண்டி வழியில் நின்றால் விற்பேன் என்றேன். அது தானாக நிற்கவில்லை.

திங்கட்கிழமை செல்வி வீட்டுக்கே போய், கம்பெனி பஸ்ஸில் இன்னும் பெயர் கொடுக்காதீர்கள், எனக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். பாபு அந்த ஒயரைப் புதுசாகப் போட்டு, ஈயம் வைத்து ஒட்டி, டேப் சுற்றிக் கொடுத்துவிட்டான். இப்போது சாவி போட்டால் சிவப்பு எரிகிறது, எஞ்சின் பிடித்தால் அணைகிறது. கோரிமேடு சிக்னலில் வேண்டுமென்றே அணைத்து அணைத்துக் கிளப்பிப் பார்த்தேன். பின் சீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். தினமும் கேட் மூடுவதற்கு முன்னால் போய் நிற்கிறோம். திரும்ப மாட்டின பாட்டு செட்டும் பாடுகிறது. சாப்பிடாமல் கிளம்புவதில்லை, செல்வி ஏறினதும் முதலில் அதைத்தான் விசாரிக்கிறாள்.

அந்தக் கறுப்புப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாய். போடவில்லை. பாபுவிடம் கொடுத்து, டைனமோ ஒயரைத் தொடாமல் அதற்கென்று தனியாக ஒரு ஒயரைப் போட்டு, என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்சு வைக்கச் சொன்னேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து அந்தச் சுவிட்சைப் போடுவேன். சேதராப்பட்டுக்குப் போவதை நீ பார்க்கலாம், திரும்புவதைப் பார்க்கலாம், அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்று நிம்மதியாக உன் வேலையைப் பார்க்கலாம். என்றைக்காவது எனக்குத் தனியாக எங்காவது போய் உட்கார வேண்டும் என்று தோன்றும். அன்றைக்கு அணைத்துவிடுவேன். அன்றைக்கு ஆளை அனுப்பாதே, அப்பாவிடம் ரகசியமாக விசாரிக்காதே. எனக்குப் போன் பண்ணு. எங்கே இருக்கிறாய் என்று கேள், சொல்கிறேன். கேட்டிருந்தால் அப்போதும் சொல்லியிருப்பேன்.

அம்மா